சின்னக் கல்லூரியில் இலக்கியமும் எழுத்தும்: ஆசிரியரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியின் தமிழ்த்துறையில் பாடம் நடத்துகிறேன். வெள்ளிக்கிழமை பிற்பகலில் எழுத்துப் பயிற்சி வகுப்பும் உண்டு. அதற்கு எந்தத் துறைப் பிள்ளைகளும் வரலாம். மே, ஜூன் மாதங்களில் விண்ணப்பத்தோடு வரும் பெற்றோர், நோட்டும் கையுமாக வராந்தாவில் நிற்கும் மாணவர்கள், ஆசிரியர் வேலைக்கு வர நினைக்கும் பழைய மாணவர்கள் என்று பலரும் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசைக்கு ஒரு காரணமும் இல்லை. நினைவுக்கு வந்தபடி எழுதியது.

எழுதுவதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா சார்?

ஓரளவுக்கு முடியும். கதை உண்மையில் எந்தப் பத்தியில் தொடங்குகிறது, பேசுவது யார் என்று வாசகர் எங்கே தடுமாறுவார், எந்த வாக்கியம் முன்னால் சொன்னதையே திரும்பச் சொல்கிறது என்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கலாம். வேண்டாத பெயரடையை வெட்டக் கற்றுக்கொடுக்கலாம். ஒருவரைப் பார்த்ததும் எழுதியே ஆக வேண்டும் என்ற அரிப்பு வருமே, அதை என்னால் உண்டாக்க முடியாது. அது இருந்தால்தான் பிள்ளை வெள்ளிக்கிழமை மூன்றரை மணி பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கணக்கை நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் போட்டுவைத்திருக்கிறார். "ஆசான் உரைத்தது அமைவரக் கொளினும் காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்" என்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கவனமாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும். கூடப் படிக்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருவது. எங்கள் வெள்ளிக்கிழமை வகுப்பை இந்தக் கணக்கின்படிதான் நடத்துகிறேன். நான் பேசுவது கொஞ்ச நேரம். பிள்ளைகள் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து அபிப்பிராயம் சொல்வதுதான் பெரும்பகுதி.

இந்த மாவட்டத்துப் பெரிய எழுத்தாளர்கள் பலர் கல்லூரியில் தமிழ் படிக்கவே இல்லையே. பிறகு எதற்கு இந்த வகுப்பு?

நியாயமான கேள்வி. இதைக் கேட்கிற பிள்ளையிடம் எனக்குக் கொஞ்சம் பிரியம் கூடிவிடும்.

சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தியவர். தமிழை முறையாக எழுதப் படித்ததே பதினெட்டு வயதையொட்டித்தான். நாஞ்சில் நாடன் கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு மும்பைக்குப் பிழைக்கப் போனவர். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் வியாபாரி, படிப்பு மலையாளத்தில். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்திருக்கவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மீரானுக்கு 1997இலும் நாஞ்சில் நாடனுக்கு 2010இலும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எந்தத் தமிழ்த்துறையும் இவர்களை நாங்கள் உருவாக்கினோம் என்று மார்தட்ட முடியாது.

ஆனால் ஆசிரியர்களும் இந்தக் கதையில் இல்லாமல் இல்லை. தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளைக்குத் தொழிலே ஆசிரியப்பணிதான். ஹெப்சிபா ஜேசுதாசன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். பனையேறிகளின் வாழ்க்கையை வைத்து 1964இல் அவர் எழுதிய 'புத்தம் வீடு' இன்றைக்கும் எங்கள் வகுப்பில் சத்தம் போட்டு வாசிக்கப்படுகிறது. ஆங்கில இலக்கியம் நடத்திய ஒருவருக்கு, ஊர்ச் சந்தில் நடந்த கதையைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

கல்லூரி எழுத்தாளரை உண்டாக்குவதில்லை, சரி. எழுதத் தொடங்குகிற பிள்ளைக்குச் சொந்தக்காரர் அல்லாத ஒரு வாசகர் வேண்டும். அம்மாவுக்கு எல்லாம் பிடிக்கும். சேக்காளி படிக்காமலேயே "சூப்பர்" என்பான். ஒரு கதையை இரண்டு தடவை படித்து, மூன்றாம் பக்கத்தில் எனக்கு அலுத்துப்போனது என்று சொல்ல ஒரு ஆள் இருப்பதற்குத்தான் இந்த வகுப்பு.

வகுப்பில் என்னதான் நடக்கும்?

ஒரு நோட்டை மட்டும் காட்டுகிறேன். எழுதியவளின் சம்மதம் இருக்கிறது, பெயர் வேண்டாம்.

தோவாளைப் பக்கத்துப் பெண். பூ கட்டும் வீடு. முதல் தடவை எழுதி வந்தது: "அதிகாலையில் பூக்களின் நறுமணம் எங்கள் இல்லத்தை நிறைக்கும். என் தாயின் கரங்கள் மலர்களைத் தொடுக்கும்." தப்பே இல்லை. ஆனால் தோவாளையைப் பார்க்காதவர்கூட இதை எழுதிவிடலாம். நோட்டின் ஓரத்தில் சிவப்பு மை போடாமல் பென்சிலில் சில கேள்விகள் எழுதினேன். அதிகாலை என்றால் எத்தனை மணி? என்ன பூ? நாரா, நூலா? அம்மா கட்டும்போது நீ என்ன செய்வாய்?

அடுத்த வாரம் வந்த பக்கத்தில் நறுமணம் காணாமல் போயிருந்தது. பிச்சி மொட்டு விரிவதற்குள் கட்டி முடிக்க வேண்டும் என்பதால் ராத்திரியே கூடையைக் கொட்டி உட்காருவார்கள் என்று இருந்தது. வாழைநாரை நனைத்து நனைத்து அம்மாவின் விரல் நுனி ஊறி வெளுத்திருக்கும். பரீட்சைக்குப் படிக்கிற மகளை எழுப்பாமலிருக்க ஃபோன் வெளிச்சத்தில் கட்டுவாள். மகள் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு முழ எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருப்பாள். "தூங்குகிற மாதிரி" என்ற இடம் வந்ததும் வகுப்பில் யாரும் பேசவில்லை. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கேள்வி மட்டும்தான் என்னுடையது.

மற்றபடி பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு சிறுகதையை வாசிப்போம், அதைப் பற்றிச் சண்டை போடுவோம், கால் மணி நேரம் எழுதுவோம். எழுதியதை வாசிக்க விருப்பமில்லாதவர்கள் வாசிக்க வேண்டியதில்லை.

எங்க ஊர்ப் பேச்சிலேயே எழுதலாமா? மார்க் குறையுமா?

கதையில் எழுதலாம். பல்கலைக்கழகத் தேர்வு விடைத்தாளில் வேண்டாம். திருத்துகிறவர் எந்த ஊர்க்காரர், எத்தனையாவது விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

கதை என்று வந்தால், ஒரே மாவட்டத்துக்குள்ளேயே பேச்சு மாறுவதைக் கவனிக்கச் சொல்வேன். தோவாளை, அகஸ்தீசுவரம் பக்கத்து நாஞ்சில் பேச்சு வேறு. விளவங்கோட்டுப் பக்கம் "எனக்க வீடு", "அவனுக்க சைக்கிள்", "சாயா கிட்டுமா" என்று போகும் பேச்சு வேறு. கடற்கரை ஊர்களில் இன்னொன்று. கருங்கல்காரப் பையன் தன் பாட்டியை நாஞ்சில் நாட்டு வேளாளப் பாட்டி மாதிரி பேசவைத்தால், பக்கத்து பெஞ்சில் இருக்கிற தேரூர்ப் பிள்ளையே சிரித்துவிடும். புத்தகத்தில் படித்த வட்டார வழக்கை எடுத்துக்கொண்டு வருகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பாட்டி எப்படிப் பேசினாள் என்று காதால் கேட்டு எழுத வேண்டும்.

இன்னொன்று. எல்லா வரியிலும் வழக்கைத் திணிக்காதீர்கள். பேச்சில் இருக்கட்டும், கதைசொல்லி எந்த மொழியில் பேசுகிறார் என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்து கடைசிவரை காப்பாற்றுங்கள். பாதிக் கதையில் கதைசொல்லி செந்தமிழுக்குத் தாவுவதுதான் நான் அதிகம் பார்க்கிற கோளாறு.

எனக்குக் கவிதை மட்டும்தான் வரும்.

வரட்டும். ஆனால் ஒரு மாதம் காதல், நிலா, மௌனம் மூன்றும் இல்லாமல் எழுதிக் கொண்டுவாருங்கள், பேசுவோம்.

வீட்டில் நடந்ததை எழுதலாமா? அப்பாவுக்குத் தெரிந்தால்?

இதில் எனக்குத் திட்டமான சட்டம் கிடையாது. சின்ன ஊர், சின்னக் கல்லூரி. ஒரு கதையில் "ஓடு போட்ட வீடு, முன்னால் அயனிமரம்" என்று எழுதினாலே யார் வீடு என்று பத்துப் பேருக்குத் தெரிந்துவிடும். வகுப்பில் வாசித்தது வகுப்புக்கு வெளியே போகக்கூடாது என்று முதல் நாளே பேசிக்கொள்வோம். அச்சுக்கு அனுப்பும்போது ஊர், தொழில், உறவு மூன்றில் இரண்டையாவது மாற்றச் சொல்வேன்.

கடற்கரைப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது இப்போது கல்லூரிக்கு வருகிறவர்கள் ஆரம்பப் பள்ளியிலோ நடுநிலைப் பள்ளியிலோ இருந்தார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து வீடுகளில் அப்பாவோ மாமாவோ திரும்பிவராத பிள்ளைகள் உண்டு. ஒக்கியைப் பற்றி எழுது என்று யாரிடமும் நான் கேட்பதில்லை. ஆண்டு மலருக்கு உருக்கமாக ஒன்று வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைப்பது அநாகரிகம். அவர்களாக எழுதி வந்தால் முதலில் படிப்பேன். திருத்தம் பற்றிய பேச்சை அவர்களே எடுக்கும்வரை காத்திருப்பேன். கடலைப் பற்றி எழுதும் பிள்ளை எப்போதும் புயலைப் பற்றித்தான் எழுத வேண்டுமா என்ன? போன வருடம் ஒரு பையன் கரையில் நின்று கரமடி வலை இழுப்பவர்களுக்கு இடையே சாளை மீனைப் பங்குபோடுவதில் வரும் தகராறை எழுதினான். வகுப்பே சிரித்து உருண்டது.

ஏஐயை வைத்து எழுதிக் கொடுத்தால் கண்டுபிடிப்பீர்களா?

பெரும்பாலும். அதற்கு மென்பொருள் எதுவும் வைத்திருக்கவில்லை. கதையைக் கீழே வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

பேச்சிப்பாறை ரோட்டில் வீடு உள்ள ஒரு மாணவன் தாத்தாவைப் பற்றி எழுதிவந்தான். மாலை மயங்கும் நேரம், ஊஞ்சல், சுருக்கம் விழுந்த கைகள், ஞானம் ததும்பும் கண்கள். தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன். ரப்பர் வெட்டு. எத்தனை மணிக்குப் போவார்? விடிவதற்கு முன்னாலேயே, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு. மழை பெய்தால்? வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. வீட்டில் எல்லோரும் தாத்தாவின் கண்ணில் படாமல் நடப்பார்கள். செரட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைச் சுரண்டி எடுத்து உருண்டையாக்கிப் பேரன்களுக்குப் பந்து செய்து கொடுப்பார். ஊஞ்சல்? "எங்க வீட்ல ஊஞ்சலே இல்ல சார்."

அவனைத் திட்டவில்லை. இப்போது சொன்னதை எழுது என்றேன். எழுதினான், எழுத்துப்பிழை ஏராளம். அந்தப் பிழைகளைத் திருத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். எழுத்துப்பிழை பார்க்க, ஒரு சொல்லுக்கு மாற்றுத் தேட அந்தக் கருவியைப் பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. தாத்தாவை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.

சின்னக் கல்லூரியில் சேர்ந்தால் நஷ்டமா?

சில விஷயங்களில் ஆமாம். 1893இல் கல்லூரியாக உயர்ந்த ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, 1952இல் தொடங்கிய தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி போன்றவற்றின் நூலகமும் பழைய மாணவர் வட்டமும் எங்களிடம் இல்லை. தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளலாம். எங்களைப் போன்ற இணைப்புக் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தருவதை நடத்த வேண்டும். விருப்பப்பட்ட நாவலைப் பாடமாக வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது.

ஆனால் எங்கள் துறையில் ஆசிரியர்கள் நாலைந்து பேர்தான். மூன்று வருடத்தில் ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்தும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு பெண் இரண்டு வாரமாக ஒன்றும் எழுதவில்லை என்றால் காரணம் கேட்க ஆள் இருக்கும். இது பெரிய கல்லூரியில் நடக்காது என்று சொல்லவில்லை. இங்கே நடக்காமல் தப்பிக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆசிரியருக்கு நேரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 நெறிமுறை உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு என்கிறது. அதற்கு மேலே நாட்டு நலப்பணித் திட்டம், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கான கோப்புகள், தேர்வுப் பணி, உள்மதிப்பீட்டு மதிப்பெண் ஏற்றுவது என்று வேலை ஓடும். நாற்பது நோட்டைப் படித்துப் பென்சிலில் கேள்வி எழுதும் நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. சுயநிதிப் பிரிவில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் இதைச் செய்வது இன்னும் கடினம், அப்படியும் செய்கிறார்கள். இந்த அநியாயத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

பிள்ள எப்பம் பாத்தாலும் எழுதிட்டே இருக்கா. தமிழ் படிச்சா வேலை கிட்டுமா சாரே?

எழுத்தை நம்பி வீடு கட்ட முடியாது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் படிப்பை நம்பலாம், உழைத்தால்.

பி.ஏ. தமிழோடு பி.எட். முடித்துப் பள்ளி ஆசிரியர் தேர்வுகளுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ்ப் பகுதி; அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது சாதகம். செய்தி நிறுவனம், பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்தல், மொழிபெயர்ப்பு என்றும் சிலர் போகிறார்கள். அங்கே கேட்பது பிழையில்லாத உரைநடை. வெள்ளிக்கிழமை வகுப்பு அதற்கு உதவும். மகள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் படிக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அண்ணாச்சி. இரண்டும் ஒரே மேசையில் நடக்கக்கூடியதுதான்.

தமிழா, ஆங்கில இலக்கியமா?

எதை இரவில் விழித்திருந்து படிப்பீர்களோ அது. தமிழில் எழுத வேண்டும் என்றால் தமிழ்த்துறைக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பில் இந்த வருடம் மிக நன்றாக எழுதுவது விலங்கியல் மாணவி.

கல்லூரி ஆசிரியராக வர விரும்புகிறேன். என்ன செய்ய வேண்டும்?

முதுகலையில் 55 சதவீதம் (பட்டியலினத்தவர், பழங்குடியினர், வசதி வரம்புக்குட்பட்ட பிற பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 50), பிறகு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு). நெட்டில் முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம், மொத்தம் 300 மதிப்பெண். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், அதனால் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட் போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று 2023இல் யுஜிசி அறிவித்தது. ஆனாலும் போட்டியில் அது இல்லாதவர்கள் பின்தங்குவதைப் பார்க்கிறேன். யுஜிசி ஊதியத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அந்த நாற்காலி கிடைப்பதற்குள் பலருக்குத் தலை நரைத்துவிடுகிறது.

படைப்பிலக்கியம் நடத்த எழுத்தாளராக இருக்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. தொடர்ந்து வாசிக்கிறவராக இருந்தால் போதும். எழுத்தாளராக இருக்கும் ஆசிரியரிடம் ஓர் ஆபத்து உண்டு: வகுப்பே அவரைப் போல எழுதத் தொடங்கிவிடும்.

நேர்முகத்துக்குப் போகிற எங்கள் பிள்ளைகளிடம் விளையாட்டாக ஒன்று சொல்வேன். தொல்காப்பியத்தை அரங்கேற்றியபோது குற்றம் களையக் கேட்டவர் அதங்கோட்டாசான் என்கிறது பனம்பாரனார் பாயிரம். விளவங்கோடு வட்டத்து அதங்கோட்டுக்காரர்கள் அவர் எங்கள் ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாடுகிறார்கள். பிறர் எழுதியதில் குறை கண்டுபிடிக்கிற உத்தியோகத்தில் நமக்கு நல்ல பின்புலம் இருக்கிறது, தைரியமாகப் போங்கள்.

எதைப் படிக்கத் தொடங்குவது?

நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள். முதல் வருடம் நம் மாவட்டத்து எழுத்தாளர்களை மட்டும் படிக்கலாம். தெரிந்த இடங்களை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பிடுவது நல்ல பயிற்சி. இரண்டாம் வருடம் அவர்களை விட்டு விலகி, கரிசல், கொங்கு, ஈழம், மொழிபெயர்ப்பு என்று போங்கள். நம் ஊரையே படித்துக்கொண்டிருந்தால் எழுத்தில் மரச்சீனியும் மீன்கறியும் மட்டுமே மிஞ்சும்.

பத்திரிகைக்கு எப்போது அனுப்பலாம்?

எழுதி ஒரு மாதம் கழித்துப் படித்தும் வெட்கமாக இல்லை என்றால் அனுப்பலாம். ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்து, ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாமல். பதில் வராததுதான் வழக்கம். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பணம் கட்டினால் தொகுப்பில் சேர்க்கிறோம், விருது தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருவதைத் திறக்காமலே அழியுங்கள். 35 வயதுக்குள் புத்தகம் வந்தால் இளம் எழுத்தாளர்களுக்கான சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருது இருக்கிறது. 2012இல் தமிழுக்கான விருதைப் பெற்ற மலர்வதி நம் மாவட்டத்துக்காரர்.

உங்கள் கல்லூரியில் படிக்கவில்லை. வகுப்புக்கு வரலாமா?

வெளியாட்களை வளாகத்துக்குள் விட முதல்வர் அனுமதி வேண்டும். பழைய மாணவர்களுக்கு அது எளிது, மற்றவர்கள் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். வரும்போது இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவாருங்கள். கையெழுத்து மோசம் என்றால் தட்டச்சு செய்து, வரிகளுக்கு நடுவே இடம் விட்டு. பென்சிலுக்கு இடம் வேண்டும்.